முதல் பதினைந்து மட்டி

ஆண்கள் கழிவறை அடைத்துக்கொண்டது என்றார்கள். வழக்கமான அசிங்கம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். பதினோரு வருஷமாக ஒரிகன் கடற்கரையில் இந்த மாவட்டப் பூங்காவைக் கழுவுகிறேன்; மனுஷன் கக்கூசில் போடக்கூடியதை எல்லாம் பார்த்தாயிற்று. இதைப் பார்த்ததில்லை. பீங்கான் நிறைய உடைந்த மட்டிச் சிப்பி. ஓடு நொறுங்கி, சதை பிதுங்கி, சிலது இன்னும் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டேன்.

யார் வேலை என்று தெரியும். எங்கள் கரையில் மணலைத் தோண்டி மட்டி எடுப்பவர் ஒரு நாளைக்கு ஆளுக்குப் பதினைந்து எடுக்கலாம். அதுவும் முதலில் அகப்படும் பதினைந்து. சிறுசோ, மண்வெட்டி பட்டு உடைந்ததோ, கைக்கு வந்தது கணக்கில் சேர்ந்துவிடும். உடைந்ததை எறிந்துவிட்டு நல்லதாகப் பொறுக்குவது குற்றம். அன்று கடல் உள்வாங்கிய நேரத்தில் தோண்டியது ஒரே கூட்டம்: மாவட்டக் கவுன்சிலர் ஹெகர்டும் அவர் குடும்பமும்.

அவரிடம் அதை எடுத்துச் சொன்னவர் ஹார்லன். எழுபத்திரண்டு வயது. பூங்காவில் தங்க முகாமுக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்கிறார். அதற்குப் பதிலாகத் தன் வண்டி வீட்டை வாடகையில்லாமல் இங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மனைவி இறந்தபிறகு அந்த முதலாம் நம்பர் இடம்தான் அவருக்கு வீடு, விலாசம், எல்லாம். காலையில் நான் பெண்கள் பக்கம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலிலேயே நடந்த பேச்சு அது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, உடைஞ்சதும் கணக்குல சேரும்ங்க. எடுத்து வெச்சுக்கோங்க" என்றார். அவ்வளவுதான். கவுன்சிலரும் சிரித்தபடி தலையாட்டினார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அவர்கள் சாப்பிடும் மேசைக்குப் போனேன். நட்டநடு மேசையில் கொட்டிவிடுவது என்றுதான் கிளம்பினேன். அங்கே என் அதிகாரி கிர்க் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான். ஹெகர்டின் பேரப்பிள்ளைகள் முன்னால் கிழவன் ஹார்லன் கத்தினானாம், கெட்ட வார்த்தை பேசினானாம். கவுன்சிலர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். கூசாமல் சொன்னார். அவர் மனைவி, ரொட்டித்தூளில் புரட்டி வெண்ணெயில் பொரித்த மட்டி ஒரு தட்டு நிறைய என் கையில் திணித்தாள். எல்லாம் பெரிசு பெரிசாக, ஒன்றுகூட உடையாதது.

"ஜோலீன், ஹார்லன் கத்தினது உன் காதுல விழுந்துதா?" என்றான் கிர்க்.

பூங்காவில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்பதும், யார் யார் என்பதை முடிவு செய்யப் போவது ஹெகர்ட் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நான் உள்ள கழுவிட்டிருந்தேன். ஒண்ணும் கேக்கல" என்றேன். வாளியை மெதுவாகக் காலுக்குப் பின்னால் தள்ளினேன். தட்டில் இருந்ததைத் தின்னவும் தின்றேன். த்தூ, நானும் ஒரு ஜென்மம்.

நான் சொன்னதையும் சொல்லி, ஹார்லனை மத்தியானத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வண்டி வீட்டை இழுவை வண்டியில் மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். ஹார்லன் என்னைத்தான் கூப்பிட்டார். பின்னால் நின்று கை காட்டினேன். சங்கிலியை மாட்டிவிட்டு நிமிர்ந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையில் ரொட்டித்தூளும் வெண்ணெயும் ஒட்டியிருந்தது.

"கதவைத் தொறந்து வெச்சுட்டுத்தானே கழுவுவ?"

"ஆமா."

தலையாட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முகாம் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, ஏழாம் நம்பர் இடத்துக் குழாய் ஒழுகுகிறது, பார்த்துக்கொள் என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியே கேட்டார்.

"மட்டி எப்படி இருந்துச்சு?"

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.