கடைசி வெள்ளரிப்பழம்

எண்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற காலத்தில் வந்தது. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதில் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் வெள்ளரிப்பழம் மணக்கும். நதீராவின் வீட்டில் அன்று கொஞ்சம் கூடுதலாகவே மணந்தது. மகன் மசூரை அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்பிய பிறகு, முதல் தடவையாக மாமி றுகையா அங்கே நோன்பு துறக்க வந்திருந்தாள். வெறுங்கையோடு வருகிற ஆளா அவள்? சவளக்கடை ஊரில் விளைந்த பழங்கள், வைக்கோலில் சுற்றி ஒரு பெட்டி நிறைய.

மாமியின் பூரிப்புக்கு வேறு காரணமும் இருந்தது. பெண்சாதிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மசூர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்திருந்தான். ஆம்பிளைக்கு ஏன் இந்தக் கதை? அன்று நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனபோதுதான் நதீராவுக்கு மாதவிலக்கு வந்தது. தொழுகையும் போனது, நோன்பும் போனது. ஆற அமர அழக்கூட விடாமல் வாசலில் மாமியின் குரல் கேட்டது.

நதீராவின் உம்மா வெளியே வளவுக்குள் கஞ்சி அடுப்போடு மாரடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் மாமியும் மருமகளும் மட்டும்.

"நீ குனியாத மகள், இஞ்ச கொண்டா." மாமி துருவலையைப் பறித்துப் போட்டுக் குந்தினாள். "தேங்காய நான் துருவுறன். நீ இருந்த இடத்துல இருந்து பழத்த உரி, போதும்."

நதீரா விரலால் தோலை உரித்தாள், கத்தியால் கீறி விதையை வழித்தாள், சட்டியில் போட்டு அகப்பையால் மசித்தாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பழத்துக்கும் வாயெடுத்தாள். மாமியோ பிள்ளைக்குப் பெயர் வைப்பதையும் தாண்டி, தொட்டிலுக்கு என்ன மரம் என்பது வரைக்கும் போய்விட்டாள். பாவம், எந்த இடத்தில் குறுக்கிடுவது?

கடைசிப் பழம் காம்புப் பக்கம் பச்சையாக இருந்தது. கசக்கிற பழம் ஒன்று சேர்ந்தால் சட்டி முழுக்க நாசம். நதீரா யோசிக்கவில்லை. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள், விழுங்கினாள்.

துருவுகிற சத்தம் நின்றது.

"உம்மோவ்! என்ன புள்ள, முழுங்கிட்டியா?" மாமி பதறினாள். பிறகு குரலைத் தணித்தாள். "மறந்துதானே திண்ட? மறந்து திண்டா நோம்பு முறியாது மகள். போய் வாயக் கொப்புளிச்சிட்டு வா."

மாமியே வழி காட்டிவிட்டாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் இன்றைய பொழுது தப்பிவிடும். ஆனால் நோன்பை வைத்துப் பொய் சொல்ல நதீராவின் நாக்கு எழும்பவில்லை.

"மறக்கல்ல மாமி," என்றாள். "எனக்கு இண்டைக்கு நோம்பு இல்ல. லுஹரோட விட்டுட்டன்."

மாமி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள் என்று நதீரா பயந்தாள். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பழம் கசக்குதா?"

"ஓம் மாமி."

"அப்ப அத வீசு."

மாமி கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் தட்டினாள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். பாதி துருவிய தேங்காயைத் துருவலையின் மேல் வைத்து, மருமகளின் பக்கம் நகர்த்தினாள்.

"மிச்சத்த நீயே துருவு மகள்," என்றாள்.