அவள் தமாம் என்றாள்

கோபப்படக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த டாக்டரை ஒரு நாள் ஓர்குனோடு ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். அப்புறம் அவர் ரத்த அழுத்தத்தை நான் அளக்கிறேன்.

நான் நில்ஹான். ஒன்பது மீட்டர் பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தவள். மூன்று வருஷம், இரண்டு மாதம். தென் அமெரிக்காவின் கோடியில், ஹார்ன் முனையில் மூன்று ராப்பகல் கண் மூடாமல் சுக்கானைப் பிடித்திருந்தேன். சொன்னால் ஆட்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்கும் சொல்லப் பிடிக்கும். அதில்தான் சனி பிடித்தது.

இப்போது துருக்கியில், சியாஜிக் விரிகுடாவில் படகோட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் படகுச் சங்கத்துக்கு மேலாளர் ஓர்குன். அலுவலகம் அவனுடையது, வயர்லெஸ் அவனுடையது, நாளெல்லாம் காலியாகிற டீ கிளாஸும் அவனுடையது. கடல் அவன் கணுக்காலுக்கு மேல் ஏறி நான் பார்த்ததில்லை.

பெரிஹான் அக்கா போன வசந்தத்தில் வந்தாள். இஸ்மீரில் முப்பத்தைந்து வருஷம் மருந்துக்கடை நடத்தியவள். கடையை விற்றுவிட்டு அறுபத்தோரு வயதில் கற்றுக்கொள்ள வந்து நின்றாள். ஓர்குன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பெரியம்மா, இந்த வயசுல எதுக்கு? கரையில உக்காந்து ஒரு காபி குடிங்களேன்."

"உங்கம்மாவுக்கு நான் எப்படா அக்கா ஆனேன்? ஃபாரத்தைக் குடு."

அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. நான் சொன்னது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். மருந்துச் சீட்டில் உள்ள அளவு மாதிரி, ஒரு சொட்டு கூடாது, குறையாது. வயர்லெஸ் பாடத்தில் நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன்: "வீட்டுல, சந்தையில தமாம்னா 'சரி, ஒண்ணும் பிரச்சினை இல்ல'. வயர்லெஸ்ல அப்படி இல்ல. தமாம்னா 'நான் சொல்லிட்டேன், இனி நீ பேசு'. அது இல்லாம பேச்சை விடவே கூடாது. மொத்தப் பேச்சும் தீர்ந்தாத்தான் 'முடிஞ்சுது'." எழுதிக்கொண்டாள். இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டாள்.

அக்டோபரில் அவளுடைய தேர்வு. தனியாகச் சின்னப் படகில் எதிரே இருக்கும் தீவைச் சுற்றி வர வேண்டும். ஆசிரியர் ரப்பர் படகில் பின்னாலேயே போக வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவளே நான்தான்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவள் பாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓர்குன் ஓடிவந்தான். இஸ்தான்புல்லிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்களாம். மனசு வைத்தால் சங்கத்துக்குப் புதுப் படகுகள் வருமாம்.

"அரை மணி நேரம் போதும், கேப்டன். மீன் சாப்பிட்டுக்கிட்டே அந்த ஹார்ன் முனைக் கதையைச் சொல்லிட்டு வந்துடுங்க. வயர்லெஸ் பக்கத்துல நான் இருக்கேன்ல!"

பெரிஹான் அக்காவும் சிரித்தாள். "போங்க கேப்டன். தீவு எங்கயும் ஓடிடாது."

போனேன். யாரும் என்னைக் கட்டி இழுத்துப் போகவில்லை. சுட்ட மீன் வந்தது, ராக்கிச் சாராயம் வந்தது, ஹார்ன் முனை வந்தது. ஒருவர் "அடேயப்பா!" என்றார். அந்த அடேயப்பாவுக்காக இன்னொரு கதை சொன்னேன். அப்புறம் இன்னொன்று. மேஜை விரிப்பைக் காற்று தூக்கித் தட்டில் போட்டபோதுதான் கடலைப் பார்த்தேன். வடகாற்று எழுந்திருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அலுவலகத்துக்கு ஓடினேன். ஓர்குன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"பெரிஹான் அக்கா எங்கடா?"

"வந்துடுவாங்க, கேப்டன். ஒண்ணே முக்காலுக்கு வயர்லெஸ்ல பேசினாங்க. தமாம்னு சொன்னாங்க."

"தமாமுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க?"

"அது கரகரன்னு இருந்துச்சு. தீவு மலை மறைக்குதுல்ல. கடைசியில தமாம்னது மட்டும் நல்லாக் கேட்டுது."

"நீ என்ன சொன்னே?"

"நானும் தமாம்னு சொன்னேன்." விதைத் தோலைத் துப்பினான். "எதுக்குக் கத்துறீங்க? அவங்களே தமாம்னு சொல்லும்போது..."

"அடப்பாவி! மூழ்கிக்கிட்டு இருக்கறவளும் தமாம்னுதான்டா முடிப்பா! முடிக்கணும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன்!"

அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்க் கடலில் தள்ளியிருப்பேன். நேரமில்லை. கடலோரக் காவலுக்குச் சொல்லுடா என்று கத்திவிட்டு ரப்பர் படகைக் கிளப்பினேன்.

தீவுக்குப் பின்னால் அவள் இல்லை. காற்று தள்ளுகிற திசையில் தெற்கே போனேன். அலை முகத்தில் அறைந்தது. ஓர்குனைத் திட்டினேன், அவனை வேலைக்கு வைத்தவர்களைத் திட்டினேன், அடேயப்பா சொன்னவரின் பரம்பரையைத் திட்டினேன். வாயில் மீன் வாசம் இன்னும் போகவில்லை. அதற்கு யாரைத் திட்டுவது? தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு உலகம் சுற்றியவள் என்று பட்டம் வேறு.

மூன்று மைலுக்கு அப்பால் உயிர்காப்புச் சட்டையின் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. படகு குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் பெரிஹான் அக்கா ஒட்டிக் கிடந்தாள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அவளை எடுக்க முடிந்தது.

வரும் வழியில் பல் கிட்டிக்க அவளே சொன்னாள்.

"சுக்கான் உடைஞ்சிடுச்சு, கேப்டன். தெற்கே போய்க்கிட்டு இருக்கேன், உதவி வேணும், தமாம்னு சொன்னேன். தமாம்னு பதில் வந்துச்சு."

"அப்ப தீவுக்குப் பக்கத்துல ஆழமில்லையே. நங்கூரம் போட்டிருக்கலாமே, அக்கா!"

"உதவி வர்றப்ப நங்கூரம் போடாதே, இழுவைக் கயித்தை எடுத்துத் தயாரா வைன்னு சொல்லிக்குடுத்தீங்க. கயித்தைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். நங்கூரம் தரை தொடாத ஆழத்துக்கு வந்தப்புறம் பெரிய அலை வந்து கவுத்துடுச்சு. வயர்லெஸும் போச்சு."

நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை. மீறியவள் நான். எஞ்சின் சத்தத்தில் என் அழுகை அவளுக்குக் கேட்டிருக்காது.

துறையில் ஓர்குன் போர்வையோடு நின்றான். "பெரியம்மா! நல்லா இருக்கீங்களா?"

அவள் போர்வையை வாங்கவில்லை. ஈரம் சொட்ட நின்று, வலது கையை முஷ்டியாக்கி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வயர்லெஸ் பிடிக்கிற மாதிரி. கட்டை விரலை அழுத்தினாள்.

"கரையைக் கூப்பிடறேன். நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? புரியலன்னா திருப்பிச் சொல்லுன்னு ஏன் கேக்கல? தமாம்."

இனி அவன் பேச வேண்டும். துறையில் இருந்தவர்கள் எல்லாம் அவனைப் பார்த்தார்கள். போர்வையைச் சுருட்டினான், விரித்தான், மறுபடியும் சுருட்டினான். எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் முஷ்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"கேப்டன், நீங்க எங்க இருந்தீங்க? தமாம்."

ஓர்குன் கட்டாயப்படுத்தினான் என்று சொல்லலாம். படகுகளுக்காகப் போனேன் என்று சொல்லலாம். மூன்று கடல் தாண்டிய வாய்க்குக் கதையா பஞ்சம்?

"மீன் தின்னுக்கிட்டு இருந்தேன், அக்கா."

அவள் முஷ்டியை இறக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"தமாம்," என்றேன்.

"புரிஞ்சுது," என்றாள் பெரிஹான் அக்கா. "முடிஞ்சுது."

கட்டை விரலை எடுத்தாள். உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு தன் காரை நோக்கி நடந்தாள்.