ஒரு வீட்டின் இரண்டு பாஸ்போர்ட்டுகள்

அவள் பல் கட்டுகிறவள். பல் டாக்டர்களுக்குச் செட்டுப் பல் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை. டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு மாதிரி மெழுகு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கூடம் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறையாவது மக்கர் பண்ணும். அப்படி ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவளை மீட்க வந்தவர், தெரிந்த நாலு வேற்றுப் பாஷையிலும் தைரியம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்குத்தானே, "சனியன் பிடிச்ச லிஃப்ட்டு" என்று தமிழில் முனகினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் போய் முடிந்தது.

பேசியது ஒரே பாஷை என்றாலும் இருவரும் பிறந்தது வேறு வேறு நாட்டில். பிழைக்க வந்த இடமோ மூன்றாவது நாடு. அவரிடம் சிவப்பு பாஸ்போர்ட், அவளிடம் பச்சை. சிவப்பைக் காட்டினால் பாதி உலகம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வாங்க" என்னும். பச்சைக்கு ஒவ்வொரு கதவிலும் தட்டி, காத்திருந்து, சம்பளச் சீட்டிலிருந்து வாடகை ரசீது வரை நீட்ட வேண்டும். அவள் நாட்டுச் சட்டப்படி பிள்ளைக்கு அப்பா வழியில்தான் குடியுரிமை. ஆகவே மகளுக்கும் சிவப்புதான் வந்தது. பிறந்தபோது கையளவே இருந்ததால் அவளுக்குப் பட்டாணி என்று பேர் வைத்திருந்தார்கள்.

விமான நிலையத்தில் அப்பாவும் மகளும் ஒரு வரிசையில் சட்டென்று வெளியே போய்விடுவார்கள். அவள் இன்னொரு வரிசையில் நின்று நின்று கால் கடுத்து வருவாள். "நம்ம வீட்டு சிக்னல் தலைகீழ். சிவப்பு விழுந்தா போகலாம், பச்சை விழுந்தா நிக்கணும்" என்பார் அவர். அவளும் சிரிப்பாள். அந்த நாளில் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பட்டாணிக்கு நாலு வயது முடிந்திருந்தபோது அந்த நாட்டில் சண்டை வந்தது. வரும் வரும் என்று பல மாதமாகப் பேசிப் பேசி, யாரும் நம்பாமல் போன பிறகு வந்தது. முதல் நாளே விமான நிலையம் போயிற்று. அடுத்தடுத்து மின்சாரமும் தண்ணீரும். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து கிளம்பிய தூசி ஊரை விட்டு நகரவே இல்லை. பட்டாணிக்குப் பிறவியிலேயே மூச்சிளைப்பு உண்டு. வாயில் வைத்து அழுத்தும் மருந்து ஒன்றுதான் வீட்டில் மிச்சம். மருந்துக்கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. குழந்தை மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் பள்ளம் விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிவப்பு பாஸ்போர்ட்டு நாடு தன் ஆட்களுக்குக் கப்பல் அனுப்பியது. ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து கூடச் சொன்னார்கள். அங்கிருந்து துறைமுகத்துக்குப் பஸ். மூன்று பேரும் போனார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மேசை போட்டு, தூதரக அதிகாரி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பல நாள் தூங்காத முகம். சிவப்பு இரண்டையும் பார்த்து முத்திரை போட்டாள். பச்சையைத் திறக்கக்கூட இல்லை.

"இவங்க என் மனைவிங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"விசா இருக்கா?"

"விசாவுக்குப் போட்டிருக்கோம். உங்க ஆபீஸ் மூடிட்டாங்களே, யார்கிட்ட போய்க் கேக்கறது?"

"தெரியும் சார். விசா இல்லாம கப்பல்ல ஏத்தினா அந்தப் பக்கம் இறங்க விடமாட்டாங்க. எனக்கு வந்திருக்கிற உத்தரவு அப்படி."

"அப்ப நானும் போகல."

"அது உங்க இஷ்டம். ஆனா குழந்தையைத் தனியா அனுப்ப முடியாது. பெத்தவங்கள்ல ஒருத்தர் கூட வரணும்." சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று பேரும் சுவரோரமாக ஒதுங்கினார்கள். அவர் கத்தினார். அதிகாரியை, கப்பலை, இரண்டு நாட்டு அரசாங்கத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே அவர் ஓயும்வரை இருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"இருக்கிற மருந்து நாளைக்குத் தாங்காதுங்க. அவ மூச்சு விடறது உங்க காதுல விழுதா இல்லையா? நீங்க ஏறுங்க. எங்க கூடத்து முதலாளி வீட்டுல அடித்தளம் இருக்கு, அங்க இருந்துக்கறேன். விசா வந்ததும் வந்துடறேன். எத்தனை நாள் ஆகிடப் போகுது?"

குழந்தையிடம் அம்மா அடுத்த பஸ்ஸில் வருவாள் என்று சொன்னார்கள். "ஏன் இதுல வரல?" என்று கேட்டாள். "இதுல எடமில்ல கண்ணு" என்றாள் அவள். பஸ்ஸில் பின்பக்கம் இரண்டு சீட்டு காலியாக இருந்ததைப் பட்டாணி பார்த்துவிட்டாள். "எடம் இருக்கு, எடம் இருக்கு" என்று ஜன்னலைத் தட்டிக்கொண்டே போனாள். கண்ணாடி மூடியிருந்தது. வாய் அசைவதுதான் தெரிந்தது.

பச்சை பாஸ்போர்ட்டு நாடு கப்பல் அனுப்பவில்லை. போன் செய்தால், "உங்க விவரத்தைக் குறிச்சுக்கிட்டோம்மா" என்றார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறித்துக்கொண்டார்கள். குளிர்காலம் முழுவதும் முதலாளி வீட்டு அடித்தளத்தில் ஓடியது. கூடத்தின் கூரை விழுந்ததும் முதலாளியின் குடும்பத்தோடு இவளும் லாரியில் எல்லைக்குப் போனாள். அங்கே பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து ஆட்களைப் பிரித்தார்கள். முதலாளி குடும்பம் அந்தப் பக்கம் போயிற்று. இவள் எல்லையோரம் போட்டிருந்த கொட்டகையில் தங்கினாள். கோடை வந்தபிறகு ஒரு வழியாகப் பிறந்த நாட்டுக்கு, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பி பெண்டாட்டி நல்ல மாதிரி. குறையாக ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

சிவப்பு பாஸ்போர்ட்டு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பட்டாணியையும் அப்பாவையும் அவருடைய அக்கா தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். லிஃப்ட்காரர் இரவு ஷிப்ட்டில் வேலை தேடிக்கொண்டதால் குழந்தை அத்தையோடுதான் தூங்கினாள்.

போனில் பட்டாணி முதலில் அழுதாள். "பஸ் வரலையா?" என்று கேட்டாள். பிறகு அதைக் கேட்பதை விட்டுவிட்டாள். பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டு விளையாடப் போவாள். இவள் திரையில் தெரியும் அந்த வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தூரத்தில், "அத்தை, நீங்களே பேசுங்க, எனக்கு வேலை இருக்கு" என்ற குரல் மட்டும் கேட்டது.

விசாவுக்கு நேர்முகம் வந்தது. கல்யாணத்தைப் பதிந்த அலுவலகம் எரிந்துபோயிருந்ததால், இருவரும் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டிதானா என்று பார்க்க இங்கே அவளிடமும் அங்கே அவரிடமும் ஒரே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். புருஷனுக்குக் கட்டிலில் எந்தப் பக்கம்? குறட்டை உண்டா? வெட்கத்தை விட்டுப் பதில் சொன்னாள். பிறகு மகளைப் பற்றிக் கேட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சலிப்பில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டார்.

"குழந்தைக்கு எதுக்குப் பயம்?"

"பூனைக்குங்க. பூனையைப் பார்த்தா இடுப்புல ஏறிக்குவா."

"என்ன சாப்பிடமாட்டா?"

"முட்டை. வாசனையே ஆகாது."

"யார்கூடத் தூங்குவா?"

"என்கூடத்தான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, "அவங்க அப்பாகூட" என்று திருத்தினாள்.

அங்கே அவர், மகள் பூனை வளர்க்கிறாள், தினமும் இரண்டு முட்டை கேட்கிறாள், அத்தையோடு தூங்குகிறாள் என்று சொல்லியிருந்தார். பதில்கள் ஒத்துவரவில்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள்.

அவள் அழுதது அன்றைக்குத்தான். பள்ளிக்கூடத்து வாசலில் அழவில்லை, கொட்டகையில் அழவில்லை. தம்பி வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். வெளியே தம்பி கதவைத் தட்டி, "அக்கா, திரும்பப் போடலாம்க்கா. மனசை விட்டுடாதே" என்றான்.

"விசாவுக்கு அழலடா" என்றாள். "அவன் கேட்டது எம் பொண்ணைப் பத்தி. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அதன்பின் லிஃப்ட்காரர் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் போன் செய்து மகளைப் பற்றிச் சொன்னார். என்ன கலர் சட்டை பிடிக்கிறது, எந்தப் பல் ஆடுகிறது, யாரோடு சண்டை, தூக்கத்தில் என்ன உளறினாள், பூனைக்கு என்ன பேர். அவள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்தாள். சில நாள் அவரே சோதித்துப் பார்ப்பார். "சரி, இப்ப சொல்லு, அவளுக்கு எந்தக் காது வலிக்குது?"

"இடது. ஆனா நேத்தே சரியாயிடுச்சு."

"கெட்டிக்காரி" என்பார்.

இரண்டாவது நேர்முகத்தில் ஒரு கேள்வியைக்கூட அவள் விடவில்லை. விசா வந்தது.

அவள் போய் இறங்கியபோது பட்டாணிக்கு ஆறு வயது தாண்டியிருந்தது. மகளைப் பற்றி ஒன்று விடாமல் அவளுக்குத் தெரியும். மகளுக்கு இவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அத்தை முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் முன்னால் வந்து, சொல்லிக்கொடுத்த மாதிரி, "வாங்க" என்றாள். பிறகு, "நீங்க களைப்பா இருப்பீங்க" என்றாள்.

முன்பெல்லாம் அம்மாவை அவள் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் போடி என்பாள். இந்த மரியாதையை அவள் எங்கேயோ கற்றுக்கொண்டிருந்தாள். பல்லக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து, பூனையின் பேரைச் சொல்லி, "நல்லாருக்கா?" என்று விசாரித்தாள். பட்டாணியின் முகத்தில் சந்தோஷமில்லை, சந்தேகம்தான் வந்தது. "இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

பல்லக்கா அண்ணி என்று கூப்பிடுகிற அந்த அத்தை தங்கமான மனுஷி. முதல் நாளிலிருந்தே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். "தலையை அம்மாகிட்டப் பின்னிக்கோ", "சோறு அம்மாகிட்டக் கேளு" என்பார். பட்டாணி போவாள், பின்னிக்கொள்வாள், "தேங்க்ஸ்" என்பாள், மறுபடி அத்தை மடியில் வந்து விழுவாள். ஒருநாள் அண்ணி ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டு, சலவைக்கூடத்துப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னார். "வேலைக்கு நடந்தே போயிடலாம். எனக்கும் முட்டி வலி" என்றார். அந்த முட்டி வலியை அதற்குமுன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அத்தை போன பிறகு பட்டாணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை எப்ப வருவாங்க?"

"அப்புறமா வருவாங்க" என்றார் அப்பா.

குழந்தை அவரை உற்றுப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அது அடம்பிடிக்கிற அழுகை இல்லை. சத்தம் குறைந்து, மூச்சு இழுத்து, விலாவில் பள்ளம் விழுந்தது. பல்லக்கா மருந்தை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். தூசியே இல்லாத வீடு அது.

மறுநாள் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். நீராவியும் சோப்பு வாடையுமாக இருந்தது. அண்ணி ஆளுயரத்துக்கு அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று மடித்துக்கொண்டிருந்தார். பட்டாணி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துடுங்க அண்ணி" என்றாள் பல்லக்கா.

"பைத்தியமா உனக்கு? நான் அங்க இருந்தா இவ உன்கிட்ட ஒட்டமாட்டா. கொஞ்ச நாள் அழுவா. அப்புறம் மறந்துடுவா."

"மறந்துடுவா, தெரியும். என்னையும் அப்படித்தான் மறந்தா." விரிப்பின் மறுமுனையை எடுத்து அவரோடு சேர்ந்து மடித்தாள். "இவகிட்டேருந்து இன்னொருத்தரைப் பிரிச்சு எடுக்க என்னால ஆகாது அண்ணி. ஒட்டாட்டிப் போகட்டும்."

அண்ணி மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்து, ஓரங்களைச் சரிபார்த்து, அதற்குமேலும் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீராவியில் யாருக்கும் முகம் ஈரமாகத்தான் இருக்கும்.

அண்ணி அந்த வாரமே திரும்பி வந்தார். கட்டிலை இடம் மாற்றி, அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் பட்டாணி படுக்கும்படி போட்டார்கள். பல்லக்காவுக்கு ஒரு பல் கூடத்தில் வேலை கிடைத்தது. சில வருஷத்தில் அவளுக்கும் சிவப்பு பாஸ்போர்ட் வந்தது. அதை வாங்க அரைநாள் லீவு போட்டாள். வாங்கிக்கொண்டு நேராக வேலைக்குப் போய்விட்டாள். அதற்குள் பட்டாணி நெடுநெடுவென்று வளர்ந்து அவள் தோளைத் தொட்டிருந்தாள்.

கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவள், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, உங்க பொண்ணு உங்ககிட்டத் திரும்பி வந்துட்டாளா?"

பல்லக்கா கையிலிருந்த மெழுகு ஆறும்வரை யோசித்தாள்.

"வந்தா. எல்லாத்தையும் எங்கிட்டதான் சொல்லுவா" என்றாள். "ஆனா அம்மாகிட்ட வர்ற மாதிரி இல்ல. ரொம்பப் பிடிச்சுப்போன ஒருத்தங்ககிட்ட வர்ற மாதிரி. நீ சீக்கிரம் விசாவுக்குப் போடு."