அரைப் பேர்

பெற்றீசியாவின் பெயரில் பின்பாதி கழன்று விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில். விழுந்தது 'சியா'. மிஞ்சியது 'பெற்றீ'. பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் அப்படி விழுந்த முதல் பெயர் அதுவல்ல, கடைசிப் பெயரும் அல்ல. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். குறித்த கிலோ கொழுந்து பறித்துக் கொடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதே பேச்சுத்தான். தோட்டத்தை நடத்தப் புதிய துரை வந்து கிலோவைக் கூட்டிய வருடத்திலிருந்துதான் அரைப் பேர் விழுந்தவர்களுக்கு நிஜமாகவே பாதிப் பெயர் மிஞ்சத் தொடங்கியது. எழுத்தில் பெயர் முழுதாகவே இருந்தது. வாசிக்கப் போனால் நாக்கு பாதியோடு நின்றுவிடும், என்ன முக்கினாலும் மறுபாதி வராது. பூரணம் 'பூர' ஆனாள். பிரியந்தி 'பிரி' ஆனாள். அழகுமுத்துவுக்கு 'அழகு' மட்டும் மிஞ்சியதால் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான், பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் முழுப் பெயரைக் கேட்டபோதுதான் அவனுக்கு உறைத்தது.

ஏதாவது ஒரு நாள் முழுப் பேர் கிடைத்தால் பெயர் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். கொழுந்து பொலிகிற மாதங்களில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் முழுப் பெயர்கள் கேட்கும். பனி விழுந்து செடி கருகுகிற தை, மாசியில் தோட்டமே பாதிப் பெயரோடு வேலைக்குப் போகும். விழுந்த பாதிகள் தராசுக்கடியில் கிடக்கும், பிறகு காம்புக் கழிவோடு கூட்டித் தள்ளப்பட்டுக் கான் என்கிற வாய்க்காலில் போய்ச் சேரும். குறுக்குப் பாதையால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அங்கே 'ணம்', 'யந்தி' என்று முணுமுணுப்பது கேட்கும். பாதியை மட்டும் தனியாகச் சொல்ல எல்லோராலும் முடிந்தது. ஒரே வாயால் இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லத்தான் முடியவில்லை.

பெற்றீசியாவுக்கு முழங்கால் வீங்கிப்போனதால் பொலிகிற மாதத்திலும் கிலோ நிறையவில்லை. அவளுடைய 'சியா' வருடக்கணக்காகத் திரும்பவேயில்லை. தேயிலை பெக்டரியில் வேலை செய்த அவள் புருஷன் சூசைரட்ணம், அவளைக் கூப்பிட வாயெடுத்துப் பாதியில் விக்கி நிற்பான், கடைசியில் "ஏ புள்ள" என்று பழகிக்கொண்டான். கோயிலில் பாதர் அவள் பேரில் பூசை வைத்தபோது 'பெற்றீ'க்காக மட்டுமே மன்றாட முடிந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுக்கிறவர் அவள் பெயரைப் பாதிவரை வாசித்துவிட்டு, இந்தத் தோட்டத்து ஆட்களுக்குப் பெயரே இப்படித்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் டெல்சிக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அந்தச் சிரிப்பு அவள் காதைவிட்டு இறங்கவேயில்லை. வீட்டில் அவள் அம்மா என்று கூப்பிடுவதை மட்டும் யாராலும் பாதியாக்க முடியவில்லை, அது தோட்டம் போட்ட பேரல்ல.

டெல்சி அப்போது ஆறாம் தரத்தில் இருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் கிடையாது, சங்கீத டீச்சர்தான் கணிதமும் எடுத்தார். அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று என்று அவர் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கே டெல்சி நேராக மடுவத்துக்குப் போய், பேர் போடுகிற கணக்கப்பிள்ளை செல்லசாமியின் முன்னால் நின்றாள்.

"நேத்து எங்கம்மாவுக்கு அரைப் பேரு. இன்னைக்கும் அரைப் பேரு. ரெண்டும் சேந்தா ஒன்னுதானேங்க? எங்கம்மா பேர முழுசா குடுத்துருங்க."

செல்லசாமி கெட்ட மனிதரல்ல. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்புகிற விஷயம். "அது பள்ளிக்கூடத்துக் கணக்கு பாப்பா," என்றார் தன்மையாக. "இது தோட்டத்துக் கணக்கு. இங்க எத்தன அரை சேந்தாலும் அரைதான்."

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் காய்ச்சல் போல வந்து போகிற கோபமல்ல. அவளோடு சேர்ந்து வளர்ந்தது. உயர்தரத்தில் கணிதம் படிப்பதற்காகக் கொட்டகலைக்கு விடியற்காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோதும், பக்கத்து லயத்துப் பெண்கள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனபோதும், எதற்கு இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சூசைரட்ணத்தைக் குடைந்தபோதும் அந்தக் கோபம்தான் அவளை நிறுத்தி வைத்தது. அவளுக்கு டாக்டராகவோ என்ஜினியராகவோ ஆசையில்லை. கணித ஆசிரியையாகி, அதே பள்ளிக்கூடத்துக்கு வந்து, அரையும் அரையும் ஒன்று என்பதை அந்தத் தோட்டத்தில் நிஜமாக்கிவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தாள். பிள்ளைகள் எங்கே எந்தப் பிழையை விடுவார்கள், அதை எப்படித் திருத்துவது என்பதைப் பாலச்சந்திரன் சேர் படிப்பித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தேய்த்த சேர்ட்டில் ஒரு சுருக்கம் இருக்காது, பிழை என்றால் பிழைதான். பின்னங்களைக் கூட்டும்போது பிள்ளைகள் மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிடுவார்கள், அரையும் அரையும் நாலில் இரண்டு என்று எழுதுவார்கள், அதைச் சுருக்கினால் திரும்பவும் அரைதான் வரும், உலகம் முழுக்கப் பிள்ளைகள் விடுகிற பிழை இது என்று அவர் சொன்னபோது வகுப்பில் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். டெல்சி பேனாவைத் தொடவில்லை. உலகம் முழுக்க அது பிழை, எங்கள் தோட்டத்தில் மட்டும் அதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருடப் பயிற்சிக்கு அவளைச் சொந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார்கள். அங்கே இப்போதும் கணித ஆசிரியர் இல்லை, சங்கீத டீச்சரும் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த வருடம் முடிவதற்குள் பாலச்சந்திரன் சேர் வந்து ஒரு பாடத்தைப் பார்த்துப் புள்ளி போட வேண்டும், அந்தப் புள்ளியில்தான் அவளுடைய சான்றிதழும் நியமனமும் தங்கியிருந்தன. அவர் வந்தது மாசி மாதத்தில், தோட்டமே பாதிப் பெயரோடு இருந்த நாளில். பாடம் ஆறாம் தரம், பின்னங்கள். டெல்சி காகித மட்டையில் ரொட்டி வெட்டி, நடுவில் கத்தரித்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் காட்டினாள். ஒரு ரொட்டி என்று பிள்ளைகள் கத்தினார்கள். சேர் பின்னால் வாங்கிலில் உட்கார்ந்தபடி தலையாட்டினார். பிறகு அதையே கரும்பலகையில் எழுதச் சொன்னாள். பூரணத்தின் மகள் வினோதா வந்து, அழகான கையெழுத்தில், நாலில் இரண்டு என்று எழுதினாள். பிள்ளைகள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள்.

"ரொட்டி ஒன்னுன்னு இப்பதானே சொன்ன?"

"ரொட்டின்னா ஒன்னு டீச்சர். கணக்குன்னா அரைதான்," என்றாள் வினோதா, தெரியாத ஆளுக்கு வழி சொல்கிறவளைப் போல. "எங்கம்மாவுக்கு நேத்தும் அரை, இன்னைக்கும் அரை. இன்னமும் பூரதான்."

பாலச்சந்திரன் சேர் எதிர்பார்த்த பிழை கிடைத்த திருப்தியில் பேனாவை எடுத்தார். இனி டெல்சி செய்ய வேண்டியது என்னவென்று அவளுடைய பாடக்குறிப்பிலேயே இருந்தது. பிழையைச் சுட்டிக்காட்டு, காரணத்தைக் கேள், திருத்து. அவளோ பாடக்குறிப்பை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளைகளை எழும்பச் சொன்னாள். பிழை இந்தப் பிள்ளையுடையதல்ல, இதைக் கரும்பலகையில் திருத்த முடியாது என்று அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. பிள்ளைகளை வரிசையாக மடுவத்துக்குக் கூட்டிப் போனாள். சேரும் தேய்த்த கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் பின்னால் வந்தார்.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் தலையில் மூட்டையோடு நின்றார்கள். டெல்சி பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்தினாள். ஒரு பக்கம் மிஞ்சிய பாதி, மறுபக்கம் விழுந்த பாதி. விழுந்தது எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தினமும் கானோரத்தில் கேட்டதுதானே. அவள் கையைக் காட்டினாள். "பூர" என்றது இந்தப் பக்கம். "ணம்" என்றது அந்தப் பக்கம். தகரக் கூரைக்குக் கீழே பூரணம் என்ற பெயர் ஒட்டுத் தெரியாமல் முழுதாக நின்றது. பூரணம் மூட்டையைக் கீழே போட்டாள். அடுத்து "பிரி", "யந்தி". அடுத்து அழகுமுத்து. கடைசியில் "பெற்றீ" என்றும் "சியா" என்றும் பிள்ளைகள் கத்தியபோது, பெற்றீசியா வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருடமாகியிருந்தது. தன்னைத்தான் என்று விளங்கியதும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சேலையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் துரையை நல்ல பச்சையாகவே ஏசினாள்.

"அரையும் அரையும் எவ்வளவு?" என்று டெல்சி கேட்டாள்.

"ஒன்னு!" என்று பிள்ளைகள் கத்தியதில் தராசின் முள் ஆடியது. செல்லசாமி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார்.

துரை கல்லூரிக்கு முறைப்பாடு எழுதினார், வேலை நேரத்தில் இடைஞ்சல் என்று. கல்லூரியில் குழு கூடியது. பாடம் சரி, பாடம் நடந்த இடம் பிழை என்று பாலச்சந்திரன் சேரே எழுதிக் கொடுத்திருந்தார், ஒரு வரியும் பொய்யில்லை. ஆகவே குழு அவளுடைய பயிற்சியை அரை என்று எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை சூசைரட்ணம் மகளைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டான். "டெல்" என்றான். அதற்குமேல் வரவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "கொழுந்து பறிக்காதவளுக்குமா?" என்று கேட்டாள்.

மிச்ச அரைக்காகக் கொத்மலைப் பக்கத்தில் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கீழே நீர்த்தேக்கம், மேலே மழை. பிள்ளைகள் அவளை டெல் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அங்கேயும் வேறொரு சேர் வந்து பார்த்து, பாடம் நன்று, ஆசிரியையின் முகத்தில் கோபம் தெரிகிறது என்று எழுதி இன்னொரு அரை கொடுத்தார். திரும்பவும் குழு கூடியது. முதலாவது அரை ஓர் ஆண்டில், இரண்டாவது அரை மறு ஆண்டில், இரண்டையும் சேர்த்து முழுப் பயிற்சி என்று கொள்ள விதியில் இடமில்லை என்றார் தலைவர். கணிதம் படித்துப் பட்டம் வாங்கி, கணிதம் படிப்பிக்கக் கற்றுக்கொடுக்கிற மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதற்குத் தலையாட்டினார்கள். வெளியே வாங்கிலில் இருந்த டெல்சிக்குக் கதவு வழியாக எல்லாம் கேட்டது. அவள் எழுந்து உள்ளே போவதற்குள் பாலச்சந்திரன் சேரின் குரல் உயர்ந்தது. அவர் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அரையும் அரையும் ஒண்டு எண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கச் சொல்லி அனுப்பிப்போட்டு, இஞ்ச இருந்துகொண்டு அரைதான் எண்டு சொல்லுறியளோ? அந்தத் தோட்டத்துப் பிள்ளை நாலில ரெண்டு எண்டு எழுதினதுக்கு நான் சிவப்புப் பேனையை எடுத்தனான். இப்ப ஆருக்கு அடிக்கிறது சிவப்புக் கோடு?"

சான்றிதழ் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆனால் முழுதாக ஒரு பேரை அவளுக்கு யாரும் போடவில்லை, இரண்டு அரையைத்தான் சேர்த்தார்கள். அதனால் 'டெல்' 'டெல்'லாகவே இருந்தது.

சான்றிதழ் கொடுக்கிற விழாவுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் போனார்கள், பின் வரிசையில் இருக்கச் சொன்னார்கள், இருந்தார்கள். மேடையில் பிரதம விருந்தினர், மாலைகள், குத்துவிளக்கு. அறிவிப்பாளர் வரிசையாகப் பெயர்களை வாசித்து வந்து, "டெல்" என்று நின்றார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். திரும்பவும் "டெல்" என்றார். டெல்சி மேடைப் படியடியில் நின்றாள், பாதிப் பெயரைக் கூப்பிட்டால் மேலே ஏறுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்போது பின் வரிசையில் பெற்றீசியா வீங்கிய முழங்காலை ஊன்றி எழுந்தாள். மகளுடைய பெயரின் மறுபாதி 'சி'. தராசு, கிலோ, ஆஸ்பத்திரியில் சிரித்தவர், இரண்டு அரை ஒன்றாகாது என்ற குழு, எல்லாவற்றையும் நெஞ்சில் சேர்த்து மூச்சை இழுத்து அவள் கத்தினாள்.

"சீ!"

பிரதம விருந்தினரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. குழுத் தலைவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். அந்த எழுத்துக் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று பிறகு சிலர் சமாதானம் சொன்னார்கள். அது தானாக நீளவில்லை, அவள்தான் நீட்டினாள். பின் வரிசை முழுவதும் எழுந்து நின்று அதையே இன்னொரு தரம் சொன்னது, முதலில் சொன்னதைவிட நீளமாக. டெல்சி படியேறிப் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவள் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் கணிதம் எடுக்கிறாள். ஆறாம் தரத்தில் ஒருவரும் நாலில் இரண்டு என்று எழுதுவதில்லை. மடுவத்தில் அரைப் பேர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆகவே லயத்தில் ஒருவரைக் கூப்பிட இரண்டு பேர் வாசலுக்கு வருகிறார்கள், சூசைரட்ணமும் பக்கத்து வீட்டுப் பிரியந்தியும் சேர்ந்துதான் பெற்றீசியாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். கல்லூரியிலும் பயிற்சிகளை அரை அரையாகக் கொடுப்பதை நிறுத்தவில்லை. அடுத்த வருட விழாவிலிருந்து மண்டபத்தின் பின் வரிசையிலும் ஒரு மைக் வைத்திருக்கிறார்கள்.