வீட்டில் இருக்கும் இடது கை

தபால்காரி ஓடப் போகும்போது இடது கையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவாள். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குப்பை வண்டி ஆறரைக்கு வருமா ஏழுக்கு வருமா என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அகலம் தள்ளி, பாட்டில் மூடியைத் திருகி எடுத்த மாதிரி அவ்வளவு சுத்தமாகக் கழன்றிருக்கும். ரத்தம் கிடையாது, வலி கிடையாது. திரும்பி வந்து குளித்த பிறகு மாட்டிக்கொள்வாள். குளிப்பதற்கு முன் மாட்டினால் வேர்வை வாடை கைக்குப் பிடிக்காதாம்.

அவள் பதினோரு தெருக்களுக்கு நடந்தே கடிதம் கொடுப்பவள். கல்யாணமான புதிதில், இவ்வளவு நடந்தும் கால் வலிக்கவில்லையே என்று ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்தாள். பத்து இருபத்தொன்றாயிற்று, இருபத்தொன்று நாற்பத்திரண்டாயிற்று. பிறகு பிரசவம். இனி ஷூ பரணுக்குப் போய்விடும் என்று தெருவே முடிவு செய்து நிம்மதியாக இருந்தபோது, குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தாள். சிக்கல் என்னவென்றால், அம்மாவின் இடது கை முதுகில் இருந்தால்தான் அந்தக் குழந்தை தூங்கும். தலையணையை வைத்துப் பார்த்தாள், வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தாள். புருஷன் கையை வைத்தபோது குழந்தை சைரன் மாதிரி எழுந்தது. அவர் லிப்ட் மெக்கானிக், கையில் இரும்புக் கயிற்றின் காய்ப்பு. ஆகவே தினமும் காலை ஐந்து மணிக்கு, ஒவ்வொரு விரலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உருவப் பார்ப்பாள். சுண்டுவிரல் வரும்போது குழந்தை அழும். மறுபடி முதலிலிருந்து தட்டல். பதினேழு நாள் இப்படிப் போனது. பதினெட்டாம் நாள் வழக்கத்தைவிட மெதுவாக உருவினாள். குழந்தை அசையவில்லை. தெருமுனை வரை ஓடியவள், அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்டக் குனிந்தபோதுதான் ஒரு கை குறைவதைக் கவனித்தாள். அவ்வளவு மெதுவாக உருவியதில் கை அங்கேயே தங்கிவிட்டது.

லேஸைக் கட்டிவிட்டவர் மருந்துக்கடைக்காரர். கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

“கை எங்கம்மா?”

“வீட்ல குழந்தைகிட்ட இருக்குங்க.”

“ஓ, சரி சரி. அந்தக் காலையும் நீட்டு, அதுவும் லூசா இருக்கு.”

மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரிதான். மாதக் கணக்கில் சாக்குப் போக்குச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகாதவர்கள் இல்லை. சர்க்கரை கேட்டுப் போனவர்கள் பார்த்தது இதுதான்: குழந்தை தொட்டிலில் தூங்கும், கை அதன் முதுகில் தட்டிக்கொண்டிருக்கும், இரண்டு நீளத் தட்டு, ஒரு குட்டித் தட்டு, மறுபடி இரண்டு நீளம், ஒரு குட்டி. பிறகு கை பால் பாட்டிலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது, கிலுகிலுப்பை ஆட்டியது, ஜன்னல் விளிம்பில் ஏறி நின்று தெரிந்தவர்களுக்கு டாட்டா காட்டியது. லிப்ட் மெக்கானிக் காப்பி குடித்துக்கொண்டே அதன் நாடியில் இரண்டு விரலை வைத்து, “இப்ப மேம்பாலம் ஏறிட்டிருக்கா” என்பார். “இப்ப இறங்கறா.” அந்தப் பக்கம், பதினெட்டாவது கிலோமீட்டரில் ஓடுபவளுக்கு, குழந்தை நனைத்துவிட்டது விரல்நுனியில் தெரியும். கையைத் தட்டினால் அங்கே அவளுக்கு உறைக்கும் என்பதால் ஒரு ஏற்பாடும் செய்து, காகிதத்தில் முத்து முத்தாக எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்: ஒரு தட்டு, எல்லாம் சரி; இரண்டு தட்டு, அவசரம் வேண்டாம், பாலைக் கொடுத்துவிட்டோம்; மூன்று தட்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே வா. “இருபது மாடி லிப்டுக்கு வயரிங் பாக்கறவன், எனக்கு மூணு தட்டு ஞாபகம் இருக்காதா?” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அந்தக் காகிதத்தைக் கடைசிவரை படிக்கவில்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயதாயிற்று, நடக்கவில்லை. கை சோபா விளிம்பில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலை நீட்டும். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர் போல மணிக்கணக்காக நிற்கும். விட்டால் உட்கார்ந்துவிடும். சில குழந்தைகள் தாமதம்தான், கவலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது தெருவுக்குத் திருப்தியாக இல்லை. மெக்கானிக்கின் அக்காவுக்கு அறவே திருப்தி இல்லை. அவள் நாலு தெரு தள்ளி இருந்தாலும் இந்த வீட்டுப் பாலில் ஆடை படிந்தது முதல் அவளுக்குத் தெரியும்.

“இந்த வீட்டுக்குன்னு ஒதுக்கின நடையெல்லாம் நீயே ஓடித் தீர்த்துட்டே. புள்ளைக்கு எங்கேர்ந்து மிச்சம் இருக்கும்?” என்று கேட்டாள்.

“ஏன் அண்ணி, உங்க தம்பி சோபாவ விட்டு இறங்கறதே இல்ல. அவர் பங்கு அப்படியே இருக்குமே, அதைக் குடுங்க.”

“டேய், கேட்டியாடா இவ பேச்சை?”

மெக்கானிக் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அப்போது அவள் நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்து ஐந்து மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஆரம்பம், மாலை ஏழு மணிக்குள் அதே மைதானத்தில் முடிவு. நாத்தனாருக்குத் தேதியைக் காட்டி, “இந்த ஓட்டம் முடியறதுக்குள்ள அது நடக்கலைன்னா, ஷூவை உங்க கையில குடுத்துடறேன் அண்ணி. அப்புறம் ஆயுசுக்கும் ஓட மாட்டேன்” என்றாள். பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டே, சோப்பு வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். “ரெண்டு கையாலயும் குடுக்கணும்” என்றாள் நாத்தனார். “குடுக்கறேன்” என்றாள் இவள். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மருந்துக்கடைக்காரரிடம் மட்டும், பிளாஸ்திரி வாங்கும்போது ஒருமுறை சொன்னாளாம்: “நாள் பூரா ஒவ்வொரு கதவா எதையாவது கொண்டுபோய்க் குடுத்துட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தாலும் அதேதான். ஓடறப்போதான் யாருக்கும் எதையும் கொண்டுபோக வேண்டியதில்ல.” அந்த ஓட்டத்தையே பணயம் வைத்து அவள் பந்தயம் கட்டியிருக்கிறாள் என்று தெருவுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்ததும் எல்லோரும் நாத்தனார் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. நேரம் காட்டும் பட்டையை இடது மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள்; முடிவுக் கோட்டில் உள்ள இயந்திரம் அதைப் படித்தால்தான் ஓடியது ஓடியதாகும். வலது கையில் கட்டச் சொல்லிக் கேட்டாள், முடியாது என்றுவிட்டார்கள். ஆகவே ஓட்டத்தன்று காலை இடது கையும் மைதானத்துக்கு வந்து, பட்டையைக் கட்டிக்கொண்டது. பிறகு அவள் அதைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுக்க, அவர் கருவிப் பையில் ஸ்பானர்களை ஒதுக்கி இடம் பண்ணி வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அதிகாரி ஒருவர் ஓடிவந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பட்டையைக் கையிலிருந்து கழற்றக் கூடாது என்றுதான் இருந்தது. கையைக் கழற்றக் கூடாது என்று எங்கும் இல்லை. “முடிக்கறப்போ கை இங்க இருக்கணும். ஏழு மணிக்கு மெஷினை ஆஃப் பண்ணிடுவோம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பட்டை கட்டப் போனார்.

எட்டு மணிக்கே நாத்தனார் டிபன் பாக்ஸோடு வந்து, குழந்தைக்கு எதிரே நாற்காலி போட்டு, பரீட்சை ஹாலில் காப்பியடிப்பவனைப் பார்ப்பது போல உட்கார்ந்துவிட்டாள். குழந்தை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதினோரு மணிக்கு நின்றது. இரண்டு மணிக்கும் நின்றது. கை வேர்த்து வேர்த்து, அதன் கீழே சோபாவில் ஈரத் தடம் படிந்திருந்தது. மெக்கானிக் நாடி பார்த்து, “அறுபது தாண்டிட்டா, கஷ்டப்படறா” என்றார். நாலரை மணிக்குக் கை ஒருமுறை வெட்டி இழுத்தது, விரல்கள் மடங்கின, சோபாவிலிருந்து நழுவித் தரையில் குப்புற விழுந்தது. அதற்குச் சற்று முன்தான் குழந்தை விரலை விட்டுத் தவழ்ந்து போய், அறையின் மறு பக்கத்தில் பீரோக் கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தது. அழுமென்று நாத்தனார் எழுந்தாள். குழந்தை அழவில்லை. கீழே கிடந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கைப்பிடியை விட்டது. தள்ளாடி, நின்று, மறுபடி தள்ளாடி, அதன் பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் அதைத் தட்டத் தொடங்கியது. இரண்டு நீளம், ஒரு குட்டி. கை மெல்லச் சுருண்டு படுத்தது.

“அஞ்சு” என்றாள் நாத்தனார். தன்னையறியாமல் அடிகளை எண்ணியிருந்தாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என்ன பிரயோஜனம்?

மெக்கானிக்குச் சந்தோஷம் வந்தால் கட்டிப்பிடிக்கவோ அழவோ தெரியாது. தூங்கப்போன கையைத் தரையிலிருந்து தூக்கி, குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

எண்பத்திரண்டாவது கிலோமீட்டரில், தண்ணீர் மேசைக்கு அருகே, தபால்காரி மூன்று அதிர்வுகளை எண்ணினாள். உடனே வா. யோசிக்கவே இல்லை, அப்படியே திரும்பி வீடு இருக்கும் திசையில் ஓடினாள். நாற்பது மீட்டர் ஓடியிருப்பாள். அதற்குள் நாலு, ஐந்து, ஏழு என்று போய், பதினொன்றில் நின்றது. பதினொன்றுக்கு பிரிட்ஜ் கதவில் எதுவும் எழுதவில்லை. அவள் நடுச்சாலையில் நின்று அந்தப் பிடியை நினைத்துப் பார்த்தாள். நாலு விரலையும் சேர்த்து நசுக்கும் பிடி, காய்ப்பு உறுத்துகிறது. இதே பிடி ஒரே ஒருமுறை வந்திருக்கிறது. பிரசவ அறையிலிருந்து அவளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் அந்த மனுஷன் மேனேஜருக்குக் கொடுப்பது போல அவளுக்குக் கை கொடுத்தார். பயந்துபோனவன் கை குலுக்க மாட்டான். அதற்கு முன்னால் புறங்கையில் மெதுவாக ஏதோ தட்டியதும் நினைவுக்கு வந்தது. களைப்பில் தன் தாளமே தனக்குக் கேட்கிறது என்று விட்டிருந்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று தண்ணீர் மேசைக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். அவர்கள் வருவதற்குள் திரும்பி, அவர்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கோட்டைத் தொட்டாள். இயந்திரம் சத்தம் போடவில்லை. கை வரவில்லை. சந்தோஷத்தில் பால் கொடுத்து, சட்டை மாற்றி, மறுபடி நடக்க வைத்து வேடிக்கை பார்த்து, வீட்டிலிருந்து கிளம்பவே நேரமாகிவிட்டது. கோட்டுக்கு அப்பால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நுழைவாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு அங்கே ஒரு குரல் கேட்டது. “தள்ளுங்க, தள்ளுங்க! கை வருது!” நாத்தனார்தான். கையில் தூசி படக்கூடாதென்று டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்து அவளே கொடுத்திருக்கலாம். ஆனால் குழந்தை பாக்ஸுக்குள் கைவிட்டு அந்த ஆள்காட்டி விரலைப் பற்றி, இழுத்துக்கொண்டு, தன் காலால் நடந்து போய் அம்மாவிடம் நீட்டியது. கை ஒட்டியது. இயந்திரம் கத்தியது. ஆறு ஐம்பத்தொன்பது.

“ஒம்பது அடி” என்றாள் தபால்காரி.

“வீட்ல அஞ்சு. அதையும் சேத்துக்க” என்றாள் நாத்தனார். “ஷூவை நீயே வெச்சுக்கோ. நாத்தம் குடலப் புடுங்குது.”

பதிவேட்டில் கையின் நேரம்தான் இருக்கிறது. கால்களின் நேரம் அதற்கு ஏழு நிமிடம் குறைவு என்று தெருவில் இப்போது எல்லோரும் அவள் பக்கம் நின்று வாதாடுகிறார்கள். முதலிலிருந்தே அவள் பக்கம்தான் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் கைக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனது. அதுவும் அவளோடு ஓடப் போக ஆரம்பித்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, மேம்பாலம் ஏறும்போது முதுகுப் பைக்குள் ஏதோ தட்டுவதை உணர்ந்தாள். இரண்டு நீளம், ஒரு குட்டி. ஏறி முடித்த பிறகு பையைத் திறந்து பார்த்தாள். பிஸ்கட் தூள் ஒட்டிய ஒரு சின்ன இடது கை. வாயைத் துடைக்கும் துண்டால் அதைத் துடைத்து, காற்று வர ஜிப்பைப் பாதி திறந்து வைத்துவிட்டு ஓடினாள். இப்போது நூற்றறுபதுக்குத் தயாராகிறாள். நீள ஓட்டம் இருக்கும் நாட்களில் குழந்தைகள் காப்பகத்து டீச்சர் வருகைப் பதிவில் “இடது கை தாமதம்” என்று பென்சிலால் எழுதி வைப்பார்; எட்டரைக்கு அது வந்து சேர்ந்ததும் அழித்துவிடுவார்.