ஸ்பிரிங்குக்குத் தூக்கம்

ஆயுதக் கிடங்கில் அத்தான் வைத்ததுதான் சட்டம். சாயங்காலம் ஆனால் துப்பாக்கி மேகசின்களிலிருந்து தோட்டாக்களையெல்லாம் உருவிவிட வேண்டும். காலையில் மறுபடி நிரப்ப வேண்டும். அவசரத்துக்கென்று புதிதாக வந்திறங்கிய இருபது மேகசின்கள், ஒவ்வொன்றின் அடியிலும் தோட்டாவை மேலே தள்ளிவிடும் ஒரு ஸ்பிரிங். பத்து அத்தானுக்கு, பத்து மச்சினனுக்கு.

"மனுஷன் படுத்துத் தூங்குறான்ல? நாள் முழுக்க அமுங்கிக் கெடக்குற ஸ்பிரிங்கும் கொஞ்ச நேரம் நீட்டி நிமிர வேணாமா?" என்பார் அத்தான். அக்காவைக் கட்டியவர், இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர். அவரை எதிர்த்துப் பேச மச்சினனுக்கு வாய் வருமா?

சேர்ந்த முதல் வாரமே கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒரு மேகசினுக்குப் பதினைந்து தோட்டா. கடைசி நான்கை அமுக்கி உள்ளே தள்ளுவதற்குள் உயிர் போய்விடும். எட்டாம் நாள் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தன் பத்தையும் நிரப்பியது நிரப்பியபடி அலமாரியில் வைத்துப் பூட்டினான். பதிவேட்டில் மட்டும் 'உருவப்பட்டது, நிரப்பப்பட்டது' என்று தினமும் அழகாகக் கையெழுத்துப் போட்டான். இரண்டு வருடம் சுகமாக ஓடியது.

அப்புறம்தான் தணிக்கைக்கு அந்த அதிகாரியம்மா வந்து சேர்ந்தார். இருபதையும் மைதானத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மச்சினனுடைய ஸ்பிரிங்குகளோ இரண்டு வருடமாக நிமிரவே இல்லை. ஒன்று மக்கர் செய்தாலும் குட்டு உடையும், வேலை போகும். அதைவிட, அக்கா முகத்தில் விழிக்க முடியாது.

அவனுடையதைத்தான் முதலில் சுட்டார்கள். பத்தும் கடைசித் தோட்டா வரை படபடவென்று வெடித்தன. மச்சினன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அத்தானுடையதில் பாதியிலேயே தடுக்கியது. தோட்டா மேலே ஏறவில்லை. அடுத்ததிலும் அதே கதை. அத்தானின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதிகாரியம்மா ஆளுக்கொரு மேகசினைப் பிரித்து, ஸ்பிரிங்குகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அத்தானுடையது இரண்டு விரற்கடை குட்டை.

"அமுங்கியே கெடந்தா ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் சாகாது. தினம் அமுக்கி அமுக்கி விட்டாத்தான் தளர்ந்துபோகும்," என்றவர், பதிவேட்டைப் புரட்டினார். "ரெண்டு பேரும் ஒரே வேலையத்தான் செஞ்சிருக்கீங்க. அப்புறம் உன்னோடது மட்டும் எப்படிப்பா புதுசாட்டம் இருக்கு?"

மச்சினன் தூக்கிய காலரைத் தானே இறக்கிவிட்டுக்கொண்டான். "தொடவே இல்லீங்க மேடம்."

"அடப்பாவி!" என்றார் அத்தான்.

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஸ்பிரிங்கக் காப்பாத்துனதால ஒன் வேலை தப்பிச்சுது. ஆனா பதிவேட்டுல பொய் இருக்கக் கூடாது. புது நோட்டு எடு. ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு 'இன்று தொடவில்லை'ன்னு எழுது. ஒன்னு விடக் கூடாது."

எழுநூறு நாளுக்கு மேல் இருந்தது. முதல் நூறைத் தாண்டுவதற்குள் பேனா பிடித்த கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. எதிரே ஸ்டூலில் அத்தான், கையில் புது ஸ்பிரிங், வாயெல்லாம் பல்.

"மெதுவா எழுது மாப்ள. நடுநடுவுல வெரலுக்கு ரெஸ்ட் குடு. அதுவும் கொஞ்சம் நீட்டி நிமிரட்டும்."