இடது இடுப்புப் பிள்ளை

முதலியார்பேட்டை ராஜாம்பாள் வீட்டுக்கு வாழ்க்கைப்படும் மூத்த மருமகளின் இடது இடுப்பில், தாலி ஏறிய மறுநாள் காலையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வயதுப் பிள்ளையின் கனம். மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு மாறுமே தவிர, தரையில் கால் வைக்காது. நான்கு தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தார்கள். புடவை இடப்பக்கம்தான் முதலில் இற்றது. பஞ்சாலைச் சங்கு ஊதிய காலத்திலும், ஆலை மூடிக் கிடக்கிற இந்தக் காலத்திலும் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. விசேஷத்துக்கு வருகிறவர்கள் பிள்ளை சௌக்கியமா என்று கேட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

நான்காம் தலைமுறை மருமகள் மேனகா, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஸ்கூட்டரைக்கூட ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டப் பழகியிருந்தாள். பிள்ளைமேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் ஏழாம் மாதத்தில், வயிற்றிலிருந்த குழந்தை இடமில்லாமல் வலப்பக்கம் ஒதுங்கிக் குறுக்கே படுத்துக்கொண்டது. இப்படியே போனால் பிரசவம் சிக்கலாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பில் இருப்பவனைக் கெஞ்சி இறக்கலாமென்றால், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை; பழைய காகிதங்களில் தேடிப் பார்க்கலாம் என்றாள் மேனகா.

கணவன் நிலவன் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தான். அதில் அவனுடைய தாத்தா கலியபெருமாளின் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பத்திரமும், அம்மை குத்திய சீட்டுகள் இரண்டும் இருந்தன. இரண்டிலும் அதே கலியபெருமாள், அதே தகப்பன், அதே தாய் பாக்கியலட்சுமி. முதல் சீட்டில் ஒரு வயதாக இருந்தவர், மூன்று வருஷம் கழித்து எழுதிய அடுத்த சீட்டில் ஆறு மாதக் குழந்தையாகியிருந்தார். தாத்தா எதையும் நிதானமாகச் செய்கிறவர்தான்; அதற்காகப் பின்னோக்கியா வளர்வார்?

மாமியார் ராஜாம்பாள் இரண்டு சீட்டையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தாள். "ரெண்டு புள்ளடி அது. மூத்தது போயிருக்கும். அதுதான் திரும்பி வந்துட்டுதுன்னு அடுத்ததுக்கும் அதே பேர வச்சி, அதே காயிதத்துலயே ஓட்டிட்டாங்க."

அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். திரும்பி வந்துவிட்ட பிள்ளைக்காக அழக் கூடாது என்று பாக்கியலட்சுமியின் வாயையும் அடைத்திருப்பார்கள். பெயரைத் தம்பி எடுத்துக்கொண்டான். பத்திரமும் அவனுக்கே போயிற்று. இரண்டு வயதில் போன மூத்தவனுக்கு மிச்சமிருந்தது அம்மாவின் இடுப்பு ஒன்றுதான்.

"இத்தினி வருஷம் தூக்கிச் சொமந்தனே, யாருடா நீன்னு ஒரு வார்த்த கேக்கலயே!" என்று ராஜாம்பாள் வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் அவனுக்காக யாரும் அப்படி அழுததில்லை. தேம்பல் அடங்கும்வரை மேனகா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் ஏற்றினார்கள். தன் குழந்தைக்கென்று மேனகா ஆசையாக எடுத்துவைத்திருந்த பெயர் இளம்பரிதி. அதை இவனுக்கே வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"அப்ப நம்ம புள்ளைக்கு?" என்றான் நிலவன்.

"அதுக்கு வேற பாத்துக்கலாம். இவன் எம்மாம் நாளா காத்துக்கினு இருக்கான்."

காது எங்கே இருக்கிறதென்று தெரியாததால், இடது தோள் பக்கமாகக் குனிந்து மூன்று முறை சொன்னாள். கனம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு கால் அவள் தொடையை உந்தியது, மற்றது சறுக்கிக்கொண்டு இறங்கியது. அடுப்படியில் ஒரு சொம்பு உருண்டது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மேனகா நேராக நின்றாள். லேசாகத் தலை சுற்றியது. அப்பாடா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றுக் குழந்தையும் ஒரு வாரத்தில் நேராகத் திரும்பி, சுகப்பிரசவமாகப் பிறந்து, கவிநிலா என்று பெயர் வாங்கிக்கொண்டது.

மார்கழியில் ஒருநாள் விடிந்ததும் எதிர்வீட்டு சுலோசனாவின் கத்தல் தெருக்கோடிவரை கேட்டது. "டேய் இளம்பரிதி! எங்கோலத்த மிதிக்காதன்னு எத்தினி வாட்டிடா சொல்றது?"

பூசணிப்பூவுக்குப் பக்கத்தில், மாவில் சின்னதாக இரண்டு பாதங்கள். ராஜாம்பாள் கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"எம்புள்ளய ஏன்டி திட்டுற? கோலத்த ஓரமா போடு!"